நிரம்பாத கிணறு

மாமனாரைத் துடைத்துக் குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, ரப்பர் விரிப்பைப் பினாயில் ஊற்றிக் கழுவிய பிறகும் அந்த அறையில் நாற்றம் அப்படியேதான் இருந்தது. சாந்தாமணி கட்டிலுக்கு அடியில் குனிந்து முகர்ந்தாள். தலையணையை முகர்ந்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல், மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவர் மேலேயே குனிந்து முகர்ந்தாள். சோப்பும் பவுடரும் கலந்த வாசனைதான் வந்தது. மனிதர் சுத்தமாகத்தான் இருந்தார். நாற்றம் அவரிடமிருந்து வரவில்லை.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக, அந்த அறையில் எது நாறினாலும் பழி அவள் தலையில்தான் விழுந்தது. போன வாரம் வெள்ளகோவிலிலிருந்து வந்த நாத்தனார் வாசற்படியைத் தாண்டாமல், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கவனிப்பு பத்தாதாட்ட இருக்குதுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு, வைத்த காபியைத் தொடாமல் பஸ் ஏறிப் போய்விட்டாள். சாந்தாமணிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அருவருப்பில்லாமல் செய்கிறேன் என்று சாந்தாமணி யாரிடமும் பெருமையடித்ததில்லை. ஒவ்வொரு நாளும் குமட்டிக்கொண்டுதான் செய்தாள், ஆனால் ஒரு நாளும் விட்டதில்லை. அவள் கல்யாணமாகி வந்த புதிதில், "அம்மணி உண்டாச்சா?" என்று, அவள் சாப்பிட்டாளா எனக் கேட்டுவிட்டுத் தட்டில் கை வைத்த ஒரே ஆள் அந்த வீட்டில் மாமனார் கந்தப்பன்தான்.

கந்தப்பன் வானம் பார்த்த பூமிக்காரர். வெள்ளகோவிலில் அவருடைய காட்டில் கிணறு வற்றியதும் கிணற்றுக்குள் போர் போட்டார், அதுவும் வற்றியதும் காட்டின் நாலு மூலையிலும் போட்டார். மழை பொய்த்த மூன்றாம் வருஷம், கடன் வாங்கிப் போட்ட கடைசிப் போரில் எண்ணூறு அடி தாண்டியும் வெள்ளைக் கல்மாவுதான் புகை போலக் கிளம்பியது. அந்த மாவு தலையெல்லாம் படிய நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வலது கையும் காலும் போயின. இனி அசையாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பேச்சும் போயிற்று, ஒரே ஒரு வார்த்தை மட்டும் கோணிய வாயில் ஒட்டிக்கொண்டது.

"தண்ணி."

டம்ளரை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் கேட்ட தண்ணீர் அதுவல்ல.

கோயமுத்தூர்ப் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்துக்கு அவரைத் தூக்கிவந்தபோது மகன் நாச்சிமுத்து கட்டிய அறைதான் இது. நாச்சிமுத்து மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தான், எதையும் வீணாக்கப் பிடிக்காதவன். பக்கத்து வீட்டு வெங்கடபதி தன்னுடைய பருத்திக் காட்டை சைட்டு போட்டு விற்றபோது, காய்ந்த வட்டக் கிணறு இருந்த சைட்டை மட்டும் யாரும் சீந்தவில்லை. நாச்சிமுத்து வாங்கினான். வாங்கி, கக்கூஸ் குழாயை நேராகக் கிணற்றுக்குள் விட்டான். அறுபதடி ஆழம், செப்டிக் டேங்க் கட்ட வேண்டாம், லாரிக்காரனுக்குத் தண்டம் அழ வேண்டாம். அக்கம்பக்கத்தில் அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். கிணற்றைத் தோண்டிய குடும்பத்து வெங்கடபதியே முதல் ஆளாகக் குழாயை இழுத்துவந்து சேர்த்தார். ஏழு வீட்டுக் கழிவும் அதற்குள் விழுந்தது. "நம்ம பேரங் காலத்துக்கும் நெறையாதுங்க" என்று நாச்சிமுத்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்புறம் அப்பனுக்கு அறை தேவைப்பட்டது. பழைய இரும்புக் கடையில் தண்டவாளத் துண்டுகள் வாங்கிக் கிணற்றின் குறுக்கே அடுக்கி, கான்கிரீட் போட்டு, மொசைக் தேய்த்து, சுவரைச் சுற்றி எழுப்பிவிட்டான். மூலையில் ஒரு சின்னக் கக்கூஸும் வைத்தான். சாந்தாமணிக்கு அப்போதே பிடிக்கவில்லை. அவள் தாராபுரத்துக்காரி. அவளுடைய அப்பா கிணற்று மேட்டில் செருப்போடு ஏறமாட்டார். ஒரு சூடம்கூடக் கொளுத்தாமல் கிணற்றை மூடி, அதன் வாயிலேயே இப்படிச் செய்யலாமா என்று கேட்டதற்கு, "காஞ்ச கெணத்துக்கு என்னத்த மரியாதெ?" என்று நாச்சிமுத்து சிரித்தான். ஏழு வீட்டிலும் அதே சிரிப்புதான்.

இப்போது அந்த வீடுகளின் மேலெல்லாம் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

மார்கழியில்கூடக் காற்றாடி இல்லாமல் தூங்க முடியாத ஊராகக் கோயமுத்தூர் மாறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. குழாயில் தண்ணீர் வரும் நாள் திருவிழாவாக இருந்தது. பெய்யாத மழையெல்லாம் எங்கேயோ சேர்ந்து அழுகிக் கிடந்து, இந்த ஐப்பசியில் மொத்தமாக அவிழ்த்துக் கொட்டியது போல, வானம் பிடித்த பிடியை விடாமல் ஊற்றியது. மலையிலிருந்து இறங்கிவரும் தண்ணீர் போவதற்கு முன்பு ஒரு பள்ளம் இருந்தது. அதில் இரும்பு வார்க்கும் பவுண்டரிகளின் கருமணலை லாரி லாரியாகத் தட்டி மேடாக்கி, மேலே ஷெட்டுகளும் வீடுகளும் கட்டியாயிற்று. வழி தெரியாத தண்ணீர் தெருவில் செம்மண் நிறத்தில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

நாச்சிமுத்து முந்தின நாளே பம்புசெட்டு ஒன்றை இறக்கத் தாராபுரம் போயிருந்தான். மத்தியானமே கரண்டு போயிருந்தது. பட்டப்பகலிலேயே அறை மங்கி, ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே வெளிச்சம் கழுநீர் போலக் கலங்கித் தெரிந்தது. சாந்தாமணி தரையில் கால் வைத்தபோது மொசைக் ஈரமாக இருந்தது. துணியைப் போட்டுத் துடைத்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடியும் பொடிப் பொடியாக வியர்த்திருந்தது. மழைக்குத் தரை ஈரம் கோர்ப்பது வழக்கம்தான் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு அவள் துணியைப் பிழிந்தாள். பிழிந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. அதைவிட அவளை உறுத்தியது வேறொன்று. வெளியே எலும்பு நடுங்கக் குளிர், ஆனால் தரை வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரக் குழந்தையின் வயிற்றைத் தொட்டது போல.

கக்கூஸ் மூலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. களக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் களக். குப்பியிலிருந்து எண்ணெய் ஊற்றும்போது காற்றும் எண்ணெயும் மாறி மாறி வருமே, அந்தச் சத்தம். அவள் தகரக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். பீங்கான் குழியில் தண்ணீர் மேலும் கீழுமாக அசைந்துகொண்டிருந்தது. அது கீழே இறங்கும்போது ஒரு நீண்ட இழுப்பு, மேலே ஏறும்போது ஒரு வெம்மையான ஊதல். அந்த ஊதலில்தான் நாற்றம் இருந்தது. அழுகிய முட்டையும், ஊறிய துணியும், அதற்கெல்லாம் அடியில் ஏதோ இனிப்பு போல ஒன்றும் கலந்து, மூக்கோடு நிற்காமல் நாக்கின் அடிவரை வந்து படிந்தது. எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. அவள் முற்றத்துக்கு ஓடி மழையில் காறிக் காறித் துப்பினாள்.

திரும்பி வந்தபோது கரப்பான்கள் வெளியேறிக்கொண்டிருந்தன.

ஒன்று இரண்டல்ல. குழியின் ஓரத்திலிருந்து, தகரக் கதவின் கீழிருந்து, தரையும் சுவரும் சேரும் இடுக்கிலிருந்து பழுப்பாக, ஈரமாக, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டு, வாசற்படியைத் தாண்டி மழைக்குள்ளேயே ஓடின. அவளுடைய பாதத்தின் மேலேயும் ஓடின. அவள் போட்ட கூச்சலில் கந்தப்பன் விழித்துக்கொண்டார். பயந்ததாகத் தெரியவில்லை. கட்டிலின் விளிம்புக்குத் தலையைச் சாய்த்து, காதைத் தரைப் பக்கமாகத் திருப்பி, எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். வாயின் நல்ல பாதி மட்டும் சிரித்தது.

"தண்ணி" என்றார்.

"குடிக்கறதுக்குங்களா மாமா?"

அவர் இடது கையால் தரையைக் காட்டினார்.

வெளியே யாரோ கூப்பிட்டார்கள். வெங்கடபதியின் மனைவி பங்காரம்மா காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குடையோடு நின்றிருந்தாள்.

"ஏனுங் அம்மணி, உங்கூட்ல கக்கூஸ் எப்படி இருக்குது? எங்கூட்ல ஊத்துன தண்ணி எறங்கவே மாட்டேங்குது. அந்தக் கடேசி ஊட்லயும் அப்படித்தானாம்."

"இங்க பொங்கிட்டு வருதுங்க்கா."

பங்காரம்மாவின் முகம் மாறியது. "உங்கூட்டுக்காரரு இப்பத்தான் எங்க போனுக்குக் கூப்புட்டாரு. ரோட்டுல தண்ணி போறதால பஸ்ஸு ஒண்ணும் கெளம்பலையாம். எப்படியாச்சும் அப்பனெ மாடிக்கு ஏத்திப்போடச் சொல்லுங்கன்னாரு. சித்த இருங்க, எங்கூட்டுக்காரரை அனுப்பறேன். பெரியவரெ அந்த ரூமுல வெச்சிருக்காதீங்க கண்ணு."

வெங்கடபதி வர வேண்டும். இரண்டு பேராகத் தூக்கினால் மாடிப்படி ஏற்றிவிடலாம். அதுவரை கட்டிலை வாசல் பக்கம் நகர்த்தி வைத்தால் போதும். கணவன் திரும்பி வரும்போது அவனுடைய அப்பன் உயிரோடு, சுத்தமாக, காய்ந்த விரிப்பில் படுத்திருக்க வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அறைக்குள் கால் வைத்தாள். கணுக்கால் நனைந்தது.

குழி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமாக ஏழு வீட்டார் முகம் சுளித்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மறந்துபோனதெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது. கொழகொழவென்று கறுத்த சேறு, அதில் முடிக்கற்றைகள் பாசி மாதிரி நீண்டு சுழல, சுருட்டிப் போட்ட மாதவிலக்குத் துணிகள், செரிக்காத தக்காளி விதைகள், வால் முளைத்த வெள்ளைப் புழுக்கள் ஆயிரக்கணக்கில் நெளிந்து நெளிந்து, நுரையின் மேலே இன்னொரு நுரையாக மிதந்தன. கிழிந்துபோன பச்சைத் துணி ஒன்று அவள் காலைச் சுற்றியது. அது பங்காரம்மாவின் பழைய ரவிக்கை நிறம். யார் வீட்டு அழுக்கு எது என்று அடையாளம் தெரிவதுபோல் இருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள் வாந்தி எடுத்தாள். அதையும் அந்தத் தண்ணீர் தனதாக்கிக்கொண்டு சுற்றியது.

சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டிலைப் பிடித்து இழுத்தாள். நகரவில்லை. மறுபடியும் இழுத்தாள். கந்தப்பன் ஜன்னல் கம்பியை இடது கையால் பற்றியிருந்தார்.

"உடுங்க மாமா! கையெ உடுங்க!"

விடவில்லை. அந்தக் கையில் இத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்ததும் அந்தக் கை கட்டிலின் ஓரமாகக் கீழே இறங்கியது. தண்ணீரைத் தொட்டது. அளைந்தது. காட்டில் மடை திறந்து விடும்போது அவர் தண்ணீரை அளைந்து பார்ப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அதே அளைதல். அப்புறம் கையைக் குவித்து அள்ளினார்.

அவளுக்குப் புரிவதற்குள் வாய்க்குக் கொண்டுபோய்விட்டார்.

"ஐயோ, வேண்டாமுங்க!"

தட்டிவிட்டாள். பாதி சிந்தியது. மீதியை விழுங்கிவிட்டார். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. மோவாயில் வழிந்ததை நாக்கை நீட்டி நக்கினார். நாக்கின் மேல் ஏதோ ஒன்று நெளிந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். கண்ணீர் வந்தது அவருக்கு. சந்தோஷத்தில் வந்த கண்ணீர்.

"இனிக்குது" என்றார். தெளிவாக. குழறல் இல்லாமல். "உப்பே இல்லெ. இனிக்குது அம்மணி."

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் புதுப் பேச்சு அது. அந்தக் குரல் கட்டிலிலிருந்துதான் வந்ததா என்று சாந்தாமணிக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. கொஞ்சம் கீழிருந்தும் வந்ததுபோல் இருந்தது.

வெங்கடபதி ஓடிவந்தார். தண்ணீரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று துண்டால் மூக்கைக் கட்டினார். "கருமம், கருமம்" என்று முனகினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்து கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தார்.

"தூக்குங் அம்மணி. ஒரே தூக்கு."

தூக்கினார்கள். கட்டில் எழும்பியது. ஒரு சாண்தான்.

அடியில் டங் என்றது.

இரும்பு இரும்பை விட்டுப் பிரியும் சத்தம். மொசைக்கின் நடுவே ஒரு கோடு ஓடியது. தண்ணீர் முழுவதும் அந்தக் கோட்டை நோக்கித் திரும்பியது. புழுக்களும் திரும்பின.

"அண்ணா, தரெ... தரெ எறங்குதுங்ணா!"

வெங்கடபதி கட்டிலை விட்டார். அவளுடைய தோளைப் பிடித்தார். இழுத்தார். அவள் கட்டில் சட்டத்தை விடவில்லை. ஈரத்தில் கை வழுக்கியது. முழங்கால் வாசற்படியில் இடித்தது.

திரும்பிப் பார்த்தாள்.

தரை இல்லை.

கட்டில் சாய்ந்தது. ஒரு நொடி, கந்தப்பனின் முகம் மேல்நோக்கித் தெரிந்தது. பயமில்லை. வீட்டுக்குப் போகிறவரின் முகம். அப்புறம் விழுந்தார். சத்தம் பெரிதாக இல்லை. எதுவோ வாயைத் திறந்து, வாங்கி, மூடிக்கொண்டது.

சுவர்கள் நின்றன. ஜன்னல் நின்றது. நடுவில் வட்டமாகக் கிணறு. வளைந்த தண்டவாளம் ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. கழிவு விளிம்புவரை வந்திருந்தது. அது அசையவில்லை.

"மாமா! ஏனுங் மாமா!"

அவள் படியில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டாள். முழங்கை வரை. தோள் வரை. வெதுவெதுப்பு. முடி. துணி. வழவழப்பு. எதுவும் அவள் கையைப் பற்றவில்லை. கன்னம் நுரையில் பட்டது. அவள் கவலைப்படவில்லை. "ஆளுகளைக் கூட்டியாறேன்!" என்று வெங்கடபதி கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடினார். அவருடைய குரல் மழைக்குள் போயிற்று.

ஒரு குமிழி வந்தது. பெரியது. உடைந்தது.

இன்னொன்று.

அவள் கையை வெளியே இழுத்துக்கொண்டாள்.

நடுவில் கழிவு மேடிட்டது. மேடு பிரிந்தது. தலை வந்தது. முடி முழுக்கச் சேறு. கண்கள். தோள்கள். மார்பு. அவசரமே இல்லாமல் வந்தார். படிக்கட்டு ஏறுகிறவர் போல, ஒவ்வொரு அடியாக. இடுப்பு வரை வந்ததும் நின்றார்.

நின்றார்.

அறுபதடிக் கிணறு. நடுக்கிணறு. கட்டில் உள்ளே போய்விட்டது. தரை உள்ளே போய்விட்டது. அங்கே கால் வைக்க எதுவுமில்லை. அவர் ஆடாமல், வாய்க்கால் நடுவில் நிற்கும் குடியானவர் போல நின்றார். கோணியிருந்த வாய் நேராகியிருந்தது. மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் கறுப்பாக வழிந்தது. மூச்சு விடவில்லை. மார்பு அசையவே இல்லை.

"பாத்தியா அம்மணி" என்றார். "ஊத்துக்கண்ணு தொறந்துருச்சு."

வலது கை நீருக்குள்ளிருந்து எழுந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் துடைத்து, தூக்கி, மடக்கி வைத்த கை. இடது கையும் எழுந்தது. இரண்டும் சேர்ந்தன. குவிந்தன. விளிம்புவரை அள்ளினார். குடித்தார். மடக் மடக்கென்று. மறுபடியும் அள்ளினார். இந்தத் தடவை குடிக்கவில்லை. அவளை நோக்கி நீட்டினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. உள்ளங்கைக்குள் வெள்ளையாக நெளிந்தது.

"உண்டாச்சா?" என்று அன்பாகக் கேட்டார். "வா கண்ணு. மொதல்ல நீ குடி."

தண்ணீர் வாசற்படியைத் தாண்டி வந்து அவளுடைய முழங்காலைத் தொட்டது. தெருவில் ஆட்கள் கத்துவது எங்கோ கேட்டது. ஓட வேண்டும் என்று நினைத்தாள். நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தொண்டை காய்ந்துபோயிருந்தது. பிறந்ததிலிருந்தே தண்ணீர் குடிக்காதவள் போல அப்படியொரு தாகம். குமட்டலே இல்லை.

தன்னுடைய இரண்டு கைகளும் சேர்ந்து, குவிந்து, அவரை நோக்கி நீண்டிருப்பதைச் சாந்தாமணி பார்த்தாள்.